மறுப்பதற்கில்லை

ஸ்டென்ரூட், வடக்கு டகோட்டா
14 ஜூலை 2018

ஆர்டன் அண்ணனுக்கு,

இங்க நானும் ஜோலீனும் நடமாடிக்கிட்டு இருக்கோம். என் முழங்கால்தான் வேற யாரோ ஒருத்தரோடது மாதிரி நடக்குது. உன் காது எப்படி? போன தடவை போன்ல நான் 'சோயா'ன்னு கத்தினா நீ 'அயோவாவுல என்ன?'ன்னு கேட்டே. ஜோலீன் விழுந்து விழுந்து சிரிச்சா. இனிமே உனக்குக் கடிதம்தான்.

விஷயம் என்னைவிட உனக்கு நல்லாத் தெரியும். நம்ம அரசாங்கம் சீனாச் சரக்குக்கு வரி போட்டுச்சு. அவங்க பதிலுக்கு நம்ம சோயாவுக்குப் போட்டுட்டாங்க. நம்ம ஊர் சோயா ரயிலேறி மேற்குத் துறைமுகம் போய், அங்கேருந்து கப்பல்ல நேரா சீனாவுக்குத்தான் போகும். அந்தக் கதவை அடைச்சா எங்களுக்கு ஜன்னல்கூடக் கிடையாது.

கூட்டுறவுக் கிடங்குல காலையில காபி குடிக்கும்போது எனக்கும் டுவேனுக்கும் சண்டை. அவன்தான் இப்ப கிடங்கு மேனேஜர்.

"வாஷிங்டன்காரனுக்குச் சீனாக்காரன் மேல கோபம். அடி விழுந்தது நம்ம முதுகுல"ன்னான்.

"யாராவது ஒருத்தர் அவங்களைக் கேக்கணுமா இல்லையா? நம்ம தொழிற்சாலை பாதியை மூட வெச்சது யாரு?"ன்னேன்.

"கேளு, நல்லாக் கேளு. கேக்கறதுக்கு உன் வயலைத்தான் கொடுத்து அனுப்பணுமா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கொஞ்ச நாள் கஷ்டப்பட்டாலும் இது செய்ய வேண்டிய காரியம்னுதான் நான் இன்னும் நினைக்கறேன். எப்ப முடியும்ங்கறது மட்டும்தான் எனக்குத் தெரியணும். முப்பது வருஷமா சீனாக்காரன் பேப்பரைப் படிச்சவன் நீ. சொல்லு.

காதுக்கு டாக்டரைப் பாரு.

வெர்லின்


ஆர்லிங்டன், வர்ஜீனியா
29 ஜூலை 2018

அன்புள்ள வெர்லின்,

நலமாக இருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னது முழுவதும் எனக்குக் கேட்கவில்லை. உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? ஜோலீனை விசாரித்ததாகச் சொல்.

எப்போது முடியும் என்று கேட்டிருக்கிறாய். அலுவலகத்தில் சீனச் செய்தித்தாள்களையும் அமைச்சக அறிக்கைகளையும் படித்து, அவற்றில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுதி மேலே அனுப்புவது என் வேலையாக இருந்தது. அடுத்து என்ன நடக்கும் என்று சொல்வது மாடியில் இருந்தவர்களின் வேலை. எங்களை யாராவது கேட்டால்கூட, மிகவும் அளந்து சொல்லவே பழக்கியிருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சென்ற வாரம் பழைய சகாக்களோடு மதிய உணவு. மாடியில் இருந்த இருவர் இதே விஷயத்தில் மோதிக்கொண்டார்கள்.

"இருபது வருஷம் முன்னாடியே இவங்களைத் தடுத்திருக்கணும்" என்றார் ஒருவர்.

"அப்போ நீதானய்யா எழுதினே, கையில காசு வந்தா அவங்களும் நம்மள மாதிரி ஆயிடுவாங்கன்னு!"

"எழுதினது நான்தான். கையெழுத்துப் போட்டது நீ."

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். இரு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது என்றேன். "லுண்டே மாறவே இல்லைப்பா" என்று நம் குடும்பப் பெயரைச் சொல்லி ஒன்றாகச் சிரித்தார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

சீன வணிக அமைச்சகம் தன் அறிக்கைகளில் பேச்சுக்குக் கதவு திறந்திருப்பதாகவே சொல்கிறது. அது எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பதை என்னால் சொல்ல இயலவில்லை. பொறுத்துப் பார்ப்போம்.

உன் உடல்நலம் பற்றி எழுது.

ஆர்டன்


ஸ்டென்ரூட்
21 அக்டோபர் 2018

அண்ணனுக்கு,

உடம்பு பரவாயில்லை. மனசைக் கேக்காதே. நீ நல்லா இருக்கியா, சாப்பாடெல்லாம் ஒழுங்கா நடக்குதா? ஒண்டி ஆளு, டப்பா சூப்பையே குடிச்சுக்கிட்டு இருக்காதே.

அறுவடை நடுவுல பனி கொட்டிடுச்சு. சகதியில சோயாவை எடுத்தேன். காயவே இல்லை. முதல் லாரியை ஓட்டிக்கிட்டு டுவேன்கிட்ட போனேன். தராசுல ஏத்தவே விடலை.

"சோயாவா? திருப்பு, திருப்பு" அப்படின்னான்.

"என்னடா, முப்பது வருஷமா இங்கதானே போடறேன்?"

"என் கிடங்கு கழுத்துவரைக்கும் நிரம்பிக் கிடக்கு, வெர்லின். ரயில் வரலை. வாங்கறவன் இருந்தாத்தானே ரயில் வரும்? உன்னை வெச்சுக்கறேன், வா. உன் சோயாவை வெச்சுக்க இடமில்லை."

அவன் கிண்டல்தான் பண்ணான். ஆனா என் முகத்தைப் பாக்கலை.

இப்ப என் முன்னால ரெண்டு வழி. தெற்கே ரொம்ப தூரத்துல ஒரு ஆலை இருக்கு. அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கறாங்க. அங்க கொட்டிட்டு வந்தா நஷ்டம்தான், ஆனா வங்கிக்காரிக்குக் கொஞ்சம் கட்டி அடுத்த வருஷம் விதைக்கலாம். இன்னொரு வழி, எல்லாத்தையும் நம்ம தகரக் குதிர்கள்ல கொட்டி, ஈரம் காயக் காத்தாடியைப் போட்டு, வசந்தம் வரைக்கும் காக்கறது. சீனாக்காரன் திரும்பி வந்தா நல்ல விலை. வரலைன்னா, ஈரச் சோயா குதிர்லயே கெட்டுப்போகும். நிலமும் கையை விட்டுப் போயிடும். ஜோலீன்கிட்ட இந்தக் கடைசி வரியை நான் சொல்லலை, நீயும் எழுதாதே.

கொஞ்ச வருஷம் முன்னாடி சீனாவுலேருந்து வாங்கறவங்க நம்ம வீட்டுக்கு வந்தாங்களே, ஞாபகமா? ஷென்னு ஒருத்தரு, ஜோலீன் கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. "வருஷா வருஷம் வாங்குவோம்"னு என் கையைப் பிடிச்சுச் சொன்னாரு. அந்த ஆளு பொய் சொல்ற ஆளு இல்லை.

வசந்தத்துல வாங்க வருவாங்களா, மாட்டாங்களா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு. சுத்தி வளைக்காதே.

வெர்லின்


ஆர்லிங்டன்
4 நவம்பர் 2018

அன்புள்ள வெர்லின்,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது, எனக்குச் சளி. பெரிதாக ஒன்றுமில்லை. சூப்பைக் குறைத்துக்கொண்டேன். ஈரத்தில் வேலை செய்து நீ காய்ச்சலை வரவழைத்துக்கொள்ளாதே.

உன் கேள்வியை ஒரு தாளில் எழுதி மேஜைமேல் வைத்துக்கொண்டு, கிடைத்த சீனப் பத்திரிகைகளையெல்லாம் படித்தேன். கண்டதை முறையாகச் சொல்கிறேன்.

அங்கே பன்றிகளுக்கு ஒரு கொடிய நோய் பரவுகிறது. சோயா பெரும்பாலும் பன்றித் தீவனத்துக்கே போகிறது என்பது உனக்குத் தெரியும். நோய் எந்த அளவு என்று அவர்கள் வெளிப்படையாக எழுதவில்லை. பிரேசிலில் இந்த முறை நல்ல விளைச்சல் என்கிறார்கள், சீனக் கப்பல்கள் அங்கே திரும்பியிருக்கின்றன. தலையங்கங்களின் குரல் கடுமையாகியிருக்கிறது. அதேசமயம் இரு நாட்டுத் தலைவர்களும் இம்மாத இறுதியில் சந்திக்கப் போவதாகச் செய்தி வருகிறது. இங்கே உள்ளவர்களும் ஒரே மாதிரியாகப் பேசுவதில்லை. ஒருவர் உடன்பாடு என்கிறார், இன்னொருவர் இது விலைச் சண்டையே இல்லை, யார் பெரியவர் என்ற சண்டை, பல ஆண்டு நீளும் என்கிறார்.

இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கையில், வசந்தத்தில் அவர்கள் உங்கள் சோயாவை வாங்க வரக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.

இதற்குமேல் நான் சொல்வது முறையாகாது. நிலத்தை அறிந்தவன் நீ.

ஜோலீனுக்கு என் அன்பு. காதுக்குப் புதிய கருவி வாங்கியிருக்கிறேன், விசில் அடிக்கிறது.

ஆர்டன்


ஸ்டென்ரூட்
25 நவம்பர் 2018

அண்ணனுக்கு,

சளி போச்சா? கருவி விசில் அடிச்சா நீயும் பதிலுக்கு அடி. நாங்க சௌக்கியம். நன்றி நாள் விருந்துல மிஞ்சின வான்கோழியைத் தின்னு முடிச்சுட்டு இதை எழுதறேன்.

நீ எழுதின பன்னி, பிரேசில் எல்லாத்தையும் ஜோலீன் பொறுமையாப் படிச்சா. நான் நேரா கடைசி வரிக்குப் போயிட்டேன். ரெண்டு தடவை படிச்சேன். அண்ணா, உன் வாயிலேருந்து இவ்வளவு உறுதியா ஒரு வார்த்தை வந்து நான் பாத்ததே இல்லை. கடிதத்தைக் கூட்டுறவுக்கு எடுத்துக்கிட்டுப் போய் டுவேனுக்குப் படிச்சுக் காட்டினேன்.

"'வரக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.' கேட்டுக்கோ. மறுக்கவே முடியாதாம்!"

"உங்கண்ணனா எழுதினாரு? நனைஞ்சுகிட்டே நின்னாலும் 'மழை மாதிரி தெரியுது'ம்பாரே, அவரா?"

"அவனேதான். வாஷிங்டன்ல உக்காந்து சீனாக்காரன் எழுதினதையே படிச்சுட்டு எழுதியிருக்கான்."

டுவேன் கடிதத்தை வாங்கி அந்த வரியைத் தானே ஒரு தடவை படிச்சுப் பாத்தான். அப்புறம் "அப்போ நானும் என் சொந்தச் சோயாவை வித்துடாம வெச்சுக்கறேன்"னான். பாரு, உன் பேச்சுக்கு எவ்வளவு மதிப்புன்னு!

தெற்கே லாரி அனுப்பலை. நாலு குதிரும் நிரம்பி மூடியாச்சு. எத்தனையோ ராத்திரிக்கு அப்புறம் நல்லாத் தூங்கினேன். அதுக்கு உனக்குத்தான் நன்றி சொல்லணும்.

கிறிஸ்துமஸுக்கு வரப் பாரு.

வெர்லின்


ஆர்லிங்டன்
9 டிசம்பர் 2018

அன்புள்ள வெர்லின்,

சளி குறைந்துவிட்டது. நீ நன்றாகத் தூங்குகிறாய் என்பது மகிழ்ச்சி. ஜோலீன் நலமா?

உன் கடிதம் என்னைச் சற்றுக் கலக்கியது. ஒன்றைத் தெளிவுபடுத்தலாம் என்று நினைக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு அட்டை மாட்டியிருந்தது. எந்தச் சொல்லை எப்போது எழுத வேண்டும் என்ற வரிசை. மேலே 'உறுதி'. பிறகு 'பெரும்பாலும்'. இப்படியே இறங்கி, ஏறக்குறைய அடியில் 'மறுப்பதற்கில்லை'. நடக்காது என்று நினைக்கிறோம், ஒருவேளை நடந்துவிட்டால் எங்களைக் குறை சொல்லாதீர்கள் என்று அதற்குப் பொருள். நான் அந்தப் பொருளில்தான் எழுதினேன் என்று தோன்றுகிறது. உனக்கு அது வேறு மாதிரி ஒலித்திருக்கலாம்.

ஆனால் நான் எழுதியதற்குப் பிறகு நிலைமையும் மாறியிருக்கிறது. தலைவர்கள் இருவரும் விருந்தில் சந்தித்து, புதிய வரிகளைச் சில மாதம் நிறுத்திவைத்திருக்கிறார்கள். சீனா கொஞ்சம் சோயா வாங்கும் என்றும் பேச்சு. ஆகவே நீ செய்தது சரியாகவும் இருக்கலாம், நான் நினைத்தது தவறாகவும் இருக்கலாம். தெற்கே ஒரு பகுதியை அனுப்புவது பற்றி யோசிப்பதும் ஒரு வழியாக இருக்கக்கூடும். உனக்குத் தெரியாததல்ல.

பனியில் கிறிஸ்துமஸ் பயணம் எனக்குச் சிரமம். மன்னித்துவிடு. உடம்பைக் கவனித்துக்கொள்.

ஆர்டன்


ஸ்டென்ரூட்
6 ஜனவரி 2019

அண்ணனுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியா இருக்கட்டும். இங்க மூச்சு விட்டா மீசை உறையுது. ஜோலீனுக்கு முதுகுவலி, எனக்கு அவளோட முணுமுணுப்பு. மத்தபடி சௌக்கியம்.

அட்டை, வரிசைன்னு நீ எழுதினதைப் படிச்சுட்டுச் சிரிச்சுட்டேன். உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல வீட்டுல கேக் தின்னது யாருன்னு அப்பா கேட்டா, கையில கேக்கை வெச்சுக்கிட்டே 'யாராவது தின்னிருக்கலாம்'னவன் நீ. ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டு, அது பலிக்கலைன்னா என்ன ஆகுமோன்னு நடுங்கிப் பின்னால போறே. அலுவலகத்துக்கு வேணா அது அடிமட்டமா இருக்கலாம். நீ சொன்னா எனக்கு அது உச்சம்.

பாரேன், சீனாக்காரன் கொஞ்சம் வாங்க ஆரம்பிச்சுட்டான்னு ரேடியோவுல சொல்றாங்க! நம்ம பக்கம் ரயில் இன்னும் வரலை. வரும்.

அரசாங்கம் நஷ்ட ஈடுன்னு காசோலை அனுப்பியிருக்கு. எனக்குக் காசோலை எதுக்கு? வாங்கற ஆளுதான் வேணும்.

ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவது குதிர்ல லேசாப் புளிச்ச வாடை. மேலே தட்டு மாதிரி இறுகியிருக்கு. வெயில் வந்ததும் அதைக் கிளறிவிட்டு வேற குதிருக்கு மாத்தணும். தனியா உள்ளே இறங்கினா வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு ஜோலீன் மிரட்டிட்டா.

அந்த வரியை இன்னொரு தடவை எழுதி அனுப்பு. டுவேனுக்குத் தைரியம் குறைஞ்சுக்கிட்டு வருது. எனக்கில்லை. அவனுக்குக் காட்டத்தான்.

வெர்லின்


ஸ்டென்ரூட்
7 ஏப்ரல் 2019

அத்தானுக்கு,

உங்கள் தம்பியின் அடக்கத்துக்கு வந்துவிட்டு நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? அந்தச் சேற்றில் உங்கள் காலணி நனைந்ததைப் பார்த்தேன். ஜலதோஷம் பிடிக்காமல் இருந்தால் சரி. எனக்கு முதுகுவலி இருக்கிறது. அது இருப்பதே இப்போது ஒரு துணை மாதிரி இருக்கிறது.

தேவாலயக் கூடத்தில் நீங்கள் என்னிடம் ஏதோ சொல்ல வந்தீர்கள். பிறகு "காபி சூடாக இருக்கிறது" என்றீர்கள். கூட்டத்தில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்டிருக்காது. நடந்ததை யாரும் உங்களிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

அன்று புதன்கிழமை, தேவாலயத்தில் தவக்காலச் சூப் விருந்து. பரிமாறும் முறை என்னுடையது. அவரைக் கூப்பிட்டேன். "நீ போ. இன்னைக்கு வெயில் அடிக்குது, ரெண்டாவது குதிரை மாத்திடறேன்" என்றார். "ஆள் வராம உள்ளே இறங்காதீங்க" என்றேன். "மேலேருந்துதான் குத்துவேன், போடி" என்றார். அடியில் சோயாவை இறக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மேலே இறுகிய தட்டைக் கம்பியால் உடைக்க அதன்மேலேயே ஏறி நின்றிருக்கிறார். தட்டுக்கு அடியில் வெற்றிடம். அது உடைந்ததும் சோயா அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. நான் திரும்பி வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. டுவேனும் ஊர்க்காரர்களும் குதிரின் தகரத்தைச் சுற்றிலும் அறுத்தார்கள். களம் முழுக்கச் சோயா கொட்டிக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் அவர் கை தெரிந்தது.

ஜனவரியில் உங்களுக்கு எழுதிய பிறகு தினமும் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவார். "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ" என்பார். உங்கள் நவம்பர் கடிதத்தின் கடைசி வரியை மனப்பாடமாகச் சொல்வார். எனக்குப் பயமாக இருக்கும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் தட்டிக்கொடுப்பார்.

இப்போது என் கேள்வி. மிச்சமிருக்கும் மூன்று குதிர்களிலும் சோயா இன்னும் கெடவில்லை, டுவேன் பார்த்துச் சொன்னான். தெற்கே உள்ள ஆலை எடுத்துக்கொள்ளத் தயார், விலை மோசம். ஆனால் இன்னும் சில வாரத்தில் உடன்பாடு கையெழுத்தாகிவிடும் என்று தொலைக்காட்சியில் தினமும் சொல்கிறார்கள். "இவ்வளவு நாள் காத்தாச்சு, இப்பப் போய் விக்காதே ஜோலீன்" என்கிறார்கள் எல்லோரும். தவறினால் நிலம் போய்விடும். வங்கியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள், எனக்கு முன்பு தெரியாததையும்.

சீனாவைப் பற்றித் தெரிந்தவர் என்று எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான். விற்கவா, காக்கவா?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஜோலீன்


ஆர்லிங்டன்
11 ஏப்ரல் 2019

ஜோலீனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் முதுகுக்கு வைத்தியம் பார்.

விற்றுவிடு அம்மா. இந்த வாரமே, முழுவதையும். அவர்கள் வாங்க வரமாட்டார்கள்.

ஆர்டன்


ஸ்டென்ரூட்
19 மே 2019

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே டுவேன் லாரிகளை ஏற்பாடு செய்தான். மூன்று குதிரும் காலி. விலை மோசம்தான், ஆனால் இந்த வருஷத்துக்குப் பொறுத்துக்கொள்ள வங்கி சம்மதித்துவிட்டது. கிழக்கு வயலைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். வீடும் மற்ற நிலமும் என்னிடமே இருக்கின்றன.

இம்மாதம் பேச்சு முறிந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். இங்கிருந்து வரியை ஏற்றினார்கள், அங்கிருந்தும் ஏற்றினார்கள். சோயா விலை இன்னும் கீழே போய்விட்டது. காத்திருந்தவர்கள் கூட்டுறவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று டுவேன் கேட்டான். அவன் தன் சோயாவை இன்னும் விற்கவில்லை.

"வெர்லினோட அண்ணன் எழுதினாரு" என்றேன்.

"என்னன்னு எழுதினாரு?"

நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன். அவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அந்தக் கடிதம் வந்த அன்று சமையலறை மேஜையில் அதை உங்கள் நவம்பர் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். உங்களுக்கு இப்படியும் எழுத வரும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

நவம்பரிலும் உங்களுக்கு இது தெரிந்திருந்ததா அத்தான்?

பதில் எழுத வேண்டாம்.

ஜோலீன்